ஏழுக்கு அடுத்து ஒன்பது

தென்கரைப்பேட்டையில் ஆவணி மாதத்து இரண்டாவது முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில், டெய்லர் மும்தாஜ் சோற்றுக்கு அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தபோது, உள்ளேயிருந்து யார் வீட்டுக் கல்யாணத்து நாதஸ்வரமோ கேட்டது, அதற்கு மேலே "சாம்பார் வாளிய இங்கிட்டுத் தள்ளுவே" என்று பந்திக்காரர் ஒருவரின் சத்தமும் கேட்டது, அவள் இரண்டு உழக்கு அரிசியை அளந்து எடுத்து, மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, கேபிள் ஆபீசுக்குப் போன் செய்து, "என்ன, லைன மாத்திக் குடுத்திட்டியளா? எங்க டிரம்முல வேற வீட்டுக் கல்யாணம்லா ஓடுது" என்று கேட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் அதே மாதிரி நூற்று நாற்பது போன் வந்தது. ஒருவர் வீட்டு மாவு வாளியில் ஒரு காதுகுத்து, இன்னொருவர் வீட்டு எண்ணெய்த் தூக்கில் ஒரு கோயில் கொடை, கறிக்கடைக்காரர் வீட்டு அண்டாவில் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் திக்கித் திக்கிப் பேசிய ஒரு பிள்ளையின் வரவேற்புரை. போன் செய்த ஒருவரும் இது எப்படி என்று கேட்கவில்லை. எப்போது சரி செய்வீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

எப்படி என்று தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். அதில் ஒருவர் வெயிலுமுத்து.

அலைவிஷன் கேபிள் ஆபீசின் பின்னறையில் ஆளுயரத்துக்கு ஒரு மிஷின் நின்றது. சென்னையில் ஏதோ கம்பெனி கழித்துப் போட்டதை முதலாளி பரமானந்தம் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது; பாதி விளக்கு எரியாது. அதில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு ஐந்து டிஸ்க். ஊரில் இருபத்தைந்து வருசமாகப் பிடித்த கல்யாணம், சடங்கு, கொடை, பதினாறாம் நாள் விசேஷம் எல்லாவற்றையும் கேசட்டில் பூஞ்சை பிடிப்பதற்கு முன்னால் அதற்குள் ஏற்றி வைத்திருந்தார்கள். மேலடுக்கு வேகமானது, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும், ஆனால் அதில் இடம் கொஞ்சம். நடு அடுக்கு நிதானம். கீழடுக்கு பெரிய வயிறு, மெல்ல அசையும், அங்கே போனதை வெளியே எடுக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வெயிலுமுத்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். பதினெட்டு வருசம் கம்பம் ஏறி கேபிள் இழுத்து, ஒரு மழை நாளில் விழுந்து முட்டு போன பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கிடைத்தது அந்தப் பின்னறை. ஊரில் அவர் ஏறாத கம்பம் கிடையாது, எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. அதனால் இடம் நிறைந்துபோகிற சமயத்தில் யார் வீட்டு விசேஷத்தை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது, எதை அழிப்பது என்று சொல்கிற பொறுப்பை முதலாளி அவரிடமே விட்டிருந்தார்.

அது சின்னப் பொறுப்பு இல்லை. பெரிய பெரிய ஆட்கள் அவரைத் தெருவில் கண்டால் வண்டியை நிறுத்துவார்கள். "அண்ணாச்சி, எங்கய்யா வாய் திறந்து பேசுனது அந்த ஒரு வீடியோவுலதான். கீழ தள்ளிராதிய" என்பார்கள். "இடம் இருந்தாப் பாப்போம்" என்பார் வெயிலுமுத்து. நெருக்கடியான காலத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நிறைந்துவிட்டது என்று மிஷின் கத்துகிற காலத்தில், பழைய மனஸ்தாபம் உள்ளவர்களின் கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கீழடுக்குக்கு இறங்கின. சட்டைத் துணியைக் குறைத்துத் தைத்த ஒருவனின் சடங்கு வீடியோ அழிந்தே போனது. மைத்துனன் செண்பகராஜின் கல்யாணம் கீழடுக்கின் ஆக அடியில், பஞ்சாயத்துக் குழாய் திறப்பு விழாவுக்கும் கீழே கிடந்தது.

தள்ள வேண்டியவற்றின் பட்டியலில் அதை எழுதி வைத்தது வெயிலுமுத்து. கம்ப்யூட்டரில் தட்டித் தள்ளியது செண்பகராஜ். டிப்ளமா படித்த செண்பகராஜ்தான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மிஷினை இயக்கினான். தன் கல்யாணத்தைத் தன் கையாலேயே கீழே இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், டீ குடிக்கப் போனான்.

அவர்களுக்குள் பேச்சு நின்று பதினொரு வருசம். வெயிலுமுத்துவின் மகள் செல்வக்கனி கல்யாணத்தன்று, தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்துப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வரவேண்டிய நேரத்தில், செண்பகராஜ் அங்கே இல்லை. அதே முகூர்த்தத்தில் முதலாளியின் அண்ணன் மகன் கல்யாணத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு ஓடிவந்தவனை ரயில்வே கேட்டு இருபது நிமிசம் பிடித்து வைத்துக்கொண்டது. வந்து சேர்ந்தபோது தாலி ஏறியிருந்தது. தாய்மாமன் நிற்கிற இடம் காலியாகக் கிடந்ததைச் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். வெயிலுமுத்து மண்டப வாசலிலேயே அவனை மறித்து, கை நனைக்க விடாமல் திருப்பி அனுப்பினார். அன்றோடு சரி. இரண்டு வருசம் கழித்து மனைவி மாரிக்கனி சிறுநீரகம் பழுதாகி இறந்தபோதும், சுடுகாட்டில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். தம்பி வராத அவமானத்தில் அவள் உள்ளுக்குள் உடைந்துபோனாள் என்பது வெயிலுமுத்துவின் தீர்மானம். அவளுக்காகத்தான் அந்தக் கோபத்தை விடாமல் காத்து வந்தார். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கலாமே என்று அவள் உயிரோடு இருக்கும்போது கேட்டாள். "என்னத்தப் பாக்க? ஒன் தம்பி நிக்க வேண்டிய இடம் காலியாக் கெடக்கதையா?" என்று இவர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஊரார் வீடியோவை எல்லாம் கட்டி மேய்த்தவர் தன் வீட்டு வீடியோவை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்காமல், மேலேயும் ஏற்றாமல், கீழேயும் தள்ளாமல், நடு அடுக்கில் வைத்திருந்தார்.

செண்பகராஜ் முதல் வருசமெல்லாம் பேசிப் பார்த்தான். இவர் சுவரைப் பார்ப்பார். பிறகு சீட்டு எழுத ஆரம்பித்தான். 'அத்தான், ஏசி தண்ணி ஒழுகுது, வாளி வைங்க.' 'அத்தான், 4 மாத்தணும்.' எந்தச் சீட்டும் அத்தான் என்ற சொல் இல்லாமல் வந்ததில்லை. இவர் படித்துவிட்டு, கசக்கிப் போட்டுவிட்டு, சொன்னதைச் செய்வார்.

டிஸ்க் மாற்றுவது ஒரு தனி வேலை. ஒரு வீடியோவை மிஷின் நாலாகப் பிய்த்து நாலு டிஸ்க்கில் வைக்கும். ஐந்தாவதில் வைப்பதற்குக் காவல் பங்கு என்று வெயிலுமுத்து தானாகப் பேர் வைத்திருந்தார். காவல் பங்கைத் தனியாகக் கேட்டால் ஒன்றும் புரியாது, தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல் மாதிரி இருக்கும். ஆனால் நாலில் ஒன்று செத்தால், மீதி மூன்றையும் காவல் பங்கையும் கூட்டி வைத்து, செத்தது வைத்திருந்ததை மிஷின் அப்படியே திரும்ப உண்டாக்கிவிடும். ஒரு அடுக்கில் ஒன்று செத்தால் பிழைக்கும். இரண்டு போனால் அந்த அடுக்கே போச்சு. அதனால் செத்த டிஸ்க்கைத்தான் உருவ வேண்டும், பக்கத்தில் உயிரோடு இருப்பதை உருவிவிடக் கூடாது.

இதில் முதலாளி ஒரு வினை வைத்திருந்தார். வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வருகிறது என்று வாங்கிய காரையே திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். தன் கடைக்குள் எட்டு என்ற எண் ஒட்டியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், டிஸ்க்குகளின் மேல் ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினைந்து டிஸ்க்குக்குப் பதினாறு வரை நம்பர் போனது. மிஷினுக்கு இந்தச் சாங்கியம் தெரியாது. அது ஒன்று முதல் பதினைந்து வரை ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு வரைக்கும் வம்பில்லை. ஏழைத் தாண்டினால் மிஷின் சொல்கிற நம்பரோடு ஒன்று கூட்டினால்தான் ஸ்டிக்கர் நம்பர் வரும். செண்பகராஜ் கூட்டித்தான் எழுதுவான். பதினாலு வருசமாக ஒரு தடவை பிசகியதில்லை.

முகூர்த்த நாளன்று மத்தியானம் சீட்டு வந்தது: 'அத்தான், 9 போயிருச்சு. உடனே மாத்துங்க.' கோழி கிண்டின மாதிரி அவசர எழுத்து. வெயிலுமுத்து ஒன்பது என்று ஒட்டியிருந்த டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். செத்தது சில்லிட்டு இருக்கும், இல்லாவிட்டால் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இது வெதுவெதுப்பாக, தூங்குகிற பிள்ளையின் முதுகு மாதிரி ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இது செத்ததில்லை என்று அவர் கைக்குத் தெரிந்தது. பக்கத்தில் பத்து என்று ஒட்டியது கல்லாகக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆறடி தூரத்தில், செண்பகராஜ் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்டிக்கர் நம்பரா, மிஷின் நம்பரா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதைக் கேட்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும்.

எழுதினவன் அவன், நமக்கென்ன, என்று வெயிலுமுத்து உருவினார்.

மிஷின் மூன்று மூச்சு நேரம் யோசித்தது. பதினாலு வருசமாக அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இடம் இல்லையா, ஒரு அடுக்கு கீழே தள்ளு. நடு அடுக்கு கைவிட்டதைக் கீழடுக்குக்குத் தள்ளிப் பார்த்தது, அங்கே நிறைந்து வழிந்தது. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, ஊர் இருப்பதைக் கண்டு, நடு அடுக்கில் இருந்த ஒன்பது வருசத்து விசேஷங்களையும் தனக்குத் தெரிந்த முறைப்படியே ஐந்து ஐந்து பங்காகப் பிய்த்து, வீட்டுக்கு ஒரு பங்காகப் பாத்திரங்களில் இறக்கிவிட்டு அமைதியானது. படம் என்ன ஆனது என்று தெரியவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

முதலாளி வந்து, "யார்வே இதச் செஞ்சது?" என்று கத்தியபோது, செண்பகராஜ் கம்ப்யூட்டரையும் கீழே கசங்கிக் கிடந்த தன் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நம்பர எழுதுனது நான்தான் மொதலாளி. ஒண்ணு கூட்டாம எழுதிட்டேன்" என்றான். வெயிலுமுத்து ஏசியிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் செண்பகராஜுக்கு வேலை போனது.

ஊர் முதல் வாரம் எரிச்சல்பட்டது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது, மூன்றாம் வாரம் ஒழுங்கு செய்தது. எந்தப் பாத்திரமானாலும் அந்த வீட்டுக்காரர் கையால் திறந்தால்தான் பேசும் என்பது தெரிந்துபோனது; பாத்திரத்தில் ஓட்டை அடைத்தாலோ பற்றவைத்தாலோ அதிலிருந்தது போய்விடும் என்பதும் தெரிந்துபோனது. உடனே பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்கிற வண்டிக்காரரை ஊருக்குள் விடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அடிக்கடி ஆள் தேடி வருகிற பாத்திரத்தை அடுப்படி வாசலிலும், எப்போதாவது கேட்கிறதை மேல் பலகையிலும், ஒருவரும் கேட்காததைப் பரணிலும் வைத்தார்கள். வெயிலுமுத்து மூன்று அடுக்குக்குப் பட்ட பாட்டை ஊர் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கல்யாணப் பாத்திரத்தைப் பதினாறு நாள் திறக்காமல், வேறு பாத்திரத்தில் அரிசி வாங்கிப் பொங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சந்தைக் கொட்டகையில் கூட்டம் கூடியது. ஒரு விசேஷத்தின் ஐந்து பங்கும் எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக் கண்டுபிடித்து, ஐந்து பேரும் பாத்திரத்தோடு வட்டமாக உட்கார்ந்து, ஒரே சமயத்தில் மூடியைத் திறந்தால், அறுந்து அறுந்து கிடந்தது ஒன்று சேர்ந்து முழுசாகப் பேசும். யாராவது ஒருவர் ஊரை விட்டுப் போயிருந்தாலும் பாதகமில்லை. அவருடைய இடத்தைக் காலியாக விட்டு மீதி நாலு பேர் உட்கார்ந்தால், மழை இரைச்சலாகக் கிடந்த காவல் பங்கு மெல்ல மெல்லத் தெளிந்து, இல்லாதவர் பங்கையும் அந்தக் காலி இடத்திலிருந்து எடுத்துச் சொல்லும். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள், பெண் கொடுத்துக் கெட்டவர்கள், ஒருவர் கோழியை ஒருவர் நாய் கடித்ததில் பேச்சை நிறுத்தியவர்கள், எல்லோரும் மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லை. கேட்க வேண்டியது இவர் வீட்டில் பாதியும் அவர் வீட்டில் பாதியுமாக இருந்தது.

வெயிலுமுத்து மட்டும் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

மாரிக்கனியின் குரல் அவர் வீட்டிலேயே, காபித்தூள் டப்பாவில் இருந்தது. திறந்தால் வளையல் சத்தம் கேட்கும். "ஏய், கேமராவ எம்மேல காட்டாதன்னு சொன்னேம்லா" என்று சிரிப்பாள். பிறகு குரல் இறங்கி, "எந்தம்பி இன்னும் வரல. அவனுக்கு..." என்பாள். அதோடு அறுந்துவிடும். அடுத்த பங்கு டீக்கடை இசக்கியப்பனின் பாய்லரில் இருந்தது. "ஒரு இலைய..." என்று பாய்லர் சொல்லும், பிறகு தவில் சத்தம். அதற்கு அடுத்த பங்கு, ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த போலீஸ்காரர் வீட்டு டிபன் கேரியரில் இருந்தது. நாலாவது, மும்தாஜின் அரிசி டிரம்மில் நாதஸ்வரமும் சாம்பார் வாளியும். காவல் பங்கு செண்பகராஜ் வீட்டு பிரஷர் குக்கரில்.

அவனுக்கு ஒரு இலையை என்ன செய்யச் சொன்னாள்? போட்டு வைக்கச் சொன்னாளா, எடுத்துவிடச் சொன்னாளா? எடுத்துவிடச் சொல்லியிருந்தால் வெயிலுமுத்து பதினொரு வருசம் செய்தது அவள் சொன்னதைத்தான். போட்டு வைக்கச் சொல்லியிருந்தால்? காலையில் காபி போட டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து அவர் மூடியை அழுத்தி மூடினார். அவருக்குத் தெரிந்துகொள்ளவும் வேண்டும், தெரிந்துவிடவும் கூடாது.

போலீஸ்காரர் வீடு நாலு தெரு தள்ளித்தான். போகலாம் போகலாம் என்றிருந்த புரட்டாசியில் அவருக்கு மாற்றல் வந்தது. வெளியூர்க்காரியான அவர் மனைவிக்கு இந்த ஊர் ஒழுங்கெல்லாம் பெரிதாகப் படவில்லை. சாமான் ஏற்றுகிற அன்று, ஊர் எல்லையில் நின்ற பாத்திர வண்டிக்காரரிடம் டிபன் கேரியரைப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

மும்தாஜ் நேரில் வந்து சண்டை போட்டாள். "அண்ணாச்சி, ஒண்ணு போச்சு. இன்னும் நாலு இருக்கு, காவல் பங்கு ஒங்க மச்சினன்கிட்ட இருக்கு. ஒரு ஞாயித்துக்கெழம வந்து ஒக்காந்தா முடிஞ்சுது. ஒங்க வீட்டுக் கல்யாணம் எங்க அரிசிக்குள்ள கெடந்து நோவுதே, ஒங்களுக்குத் தோணலியா?"

"இடம் இருந்தாப் பாப்போம்" என்றார், வாய்ப் பழக்கத்தில்.

"கொட்டகையில இடத்துக்கென்ன கொற? ஒங்க நெஞ்சுலதான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீபாவளி கழிந்து நாலாம் நாள் செண்பகராஜ் வந்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. வாசலில் நின்று, பூட்டாத கதவைத் தள்ளாமல், "அத்தான்" என்றான். வெயிலுமுத்து உள்ளே தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தார். "குக்கரக் கொண்டாந்திருக்கேன் அத்தான். மும்தாஜும் இசக்கியண்ணனும் கொட்டகையில ஒக்காந்திருக்காவ. அக்கா என்ன சொல்லுச்சுன்னு கேட்டுட்டுப் போயிருதேன். சாயங்காலம் பஸ்ஸு." வெயிலுமுத்து தட்டை ஒதுக்கி வைத்தார். எழுந்திருக்க வேண்டும் என்று கால் நினைத்தது, பழுதான முட்டு மட்டும் நினைக்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அது பொய். வாசலில் குக்கரின் வெயிட் ஒரு தடவை கிணுங்கியது. பிறகு செருப்புச் சத்தம் தெரு முனை வரைக்கும் போனது.

கார்த்திகையில் இசக்கியப்பனின் பாய்லர் அடியில் ஒழுக ஆரம்பித்தது. பற்றவைத்தால் குரல் போய்விடும் என்று இசக்கியப்பன் பற்றவைக்காமல், கீழே ஒரு தம்ளரை வைத்துச் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்தான். மார்கழியில் தம்ளர் போய்ச் சட்டி வந்தது. தை மாதம் சட்டி போய் வாளி வந்தது. வெயிலுமுத்து தினமும் இரண்டு வேளை அங்கே டீ குடித்தார், அந்த வாளியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி குடித்தார். இசக்கியப்பனும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், "பங்குனிக் கொட வருது அண்ணாச்சி, கூட்டம் வரும்" என்று மட்டும் சொன்னான்.

மாசி மாதம் செல்வக்கனி போன் செய்தாள். "அப்பா, பாப்பாவுக்கு அஞ்சு வயசாச்சு. ஆச்சி எப்படிப் பேசுவாங்கன்னு கேக்கா. போட்டோவக் காட்டுனா, இது பேசாதேங்கா. நான் என்னப்பா சொல்ல?"

அன்று வெயிலுமுத்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டு நாலாவது தாளில் எழுதினார். ஐந்தாம் வகுப்பு எழுத்து, கோடு இல்லாத தாளில் மேடு பள்ளமாகப் போனது. 'மாப்ளே, குக்கரோட வரவும்.' கவரில் போட்டு ஒட்டி, மேல்விலாசத்தை மும்தாஜிடம் கேட்டு எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தபால் பெட்டி டீக்கடைக்கு எதிரில்தான் இருந்தது. பதினொரு நாள் கவர் பையிலேயே வியர்வையில் நனைந்து காய்ந்தது. பன்னிரண்டாம் நாள் போட்டார். அதற்கு மறுநாள் அதிகாலை, கொதித்துக்கொண்டிருந்த பாய்லரின் அடித்தகடு விட்டுப்போய், கொதிநீர் முழுக்க அடுப்பில் கொட்டி, இசக்கியப்பனின் கால் வெந்தது. பாய்லரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

"நாலு மாசம் ஏந்துனேன் அண்ணாச்சி" என்றான் இசக்கியப்பன், காலில் மருந்தைத் தடவிக்கொண்டே. அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் வெயிலுமுத்துவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பங்குனி முதல் ஞாயிறு, தார் உருகுகிற வெயிலில், செண்பகராஜ் மடியில் குக்கரோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். விசயத்தைக் கேட்ட பிறகும் நேரே கொட்டகைக்குத்தான் போனான். மும்தாஜ் டிரம்மை உருட்டி வந்தாள். வெயிலுமுத்து காபித்தூள் டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தார். இசக்கியப்பன் கட்டுப் போட்ட காலோடு வந்து, பற்றவைத்த பாய்லரைக் கொண்டுவந்து பிரயோசனமில்லை என்று வெறுங்கையை மடியில் வைத்து உட்கார்ந்தான். போலீஸ்காரரின் இடம் காலி. ஐந்தில் இரண்டு போய்விட்டது. இரண்டு போனால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், தெரிந்தும், மூடியைத் திறந்தார்கள்.

"ஏய், கேமராவ எம்மேல காட்டாதன்னு சொன்னேம்லா... எந்தம்பி இன்னும் வரல. அவனுக்கு..." என்றது டப்பா. இசக்கியப்பனின் மடியில் ஒன்றும் இல்லை. காலி இடத்தில் ஒன்றும் இல்லை. டிரம்மில் நாதஸ்வரம் தூக்கிப் பிடித்தது. குக்கர் முழுக்க மழை, மழை, மழை. தெளியவே இல்லை. மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்தார்கள். மூன்றாவது தடவையும் திறந்தார்கள்.

செண்பகராஜ் குக்கரைப் பார்த்தபடியே பேசினான். "அன்னைக்குச் சாயங்காலம் அக்கா எங்க வீட்டுக்கு வந்துச்சு அத்தான். பட்டுச்சேலையோட, காலுல செருப்புகூட இல்லாம. தூக்குவாளியில சோறும் பாயசமும். மடிச்ச எல ஒண்ணும் கொண்டாந்துச்சு, பந்தியில எனக்குன்னு போட்டு வச்ச எல. விரிச்சு, அதுலதான் பரிமாறுச்சு. நான் அழுதேன். ஏம்ல அழுத, ஒங்க அத்தான் கோவம் எத்தன நாளைக்கு, பத்து நாளைக்கு, பதினோராம் நாளு அவரே வந்து ஒன் வாசல்ல நிப்பாரு பாருன்னு சொல்லிச்சு. அவர்ட்ட சொல்லிராத, நான் சொன்னேன்னு தெரிஞ்சா வேணும்னே வரமாட்டாருன்னுச்சு."

வெயிலுமுத்து டப்பாவின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். காபித்தூள் நகக்கண்ணில் ஏறியது. துருப்பிடித்த பூட்டைத் திறக்கிற மாதிரி அவர் வாய் திறந்தது.

"அந்த ஒம்பது... ஸ்டிக்கர் நம்பரா மாப்ளே, மிஷின் நம்பரா?"

செண்பகராஜ் நிமிர்ந்தான். "மிஷின் நம்பர் அத்தான்."

"கையில வச்சுப் பாத்தேன். சூடா இருந்துச்சு. உயிரோட இருக்குன்னு தெரியும்."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் அத்தான்."

"தெரியும்" என்றார் வெயிலுமுத்து.

மும்தாஜ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டிரம்மை மூடினாள். செண்பகராஜும் குக்கரை மூட மூடியை எடுத்தான். வெயிலுமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பதினொரு வருசத்தில் முதல் தடவையாகத் தொட்டது அது. இன்னொரு கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, பாப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, போனைக் குக்கரின் வாய்க்கு நேரே பிடித்தார். போலீஸ்காரர் வீட்டு டிபன் கேரியரில் இருந்தது, பாய்லரில் இருந்தது, இவர் டப்பாவில் இருப்பது, எல்லாம் கலந்து, பிரிக்க முடியாமல் இரைந்துகொண்டிருந்தது.

பேத்தி கொஞ்ச நேரம் கேட்டாள். "தாத்தா, அங்க மழ பெய்யுதா?"

கொட்டகைக்கு வெளியே வெயிலில் நாய்கள்கூட நிழலைத் தேடி ஒண்டிக் கிடந்தன.

"ஆமா தாயி" என்றார் வெயிலுமுத்து. "பெய்யுது. கேளு."